அணையின் நேரம் பார்த்துப் பெரிய டிரவுட் பிடிப்பது: கிரீன் ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங்

மழை பெய்தால் பெருகும், வெயிலில் வற்றும் என்ற கணக்கு அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் செல்லாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கிரீன் ஆற்றின் குறுக்கே 1964இல் கட்டி முடித்த ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் மூன்று டர்பைன்கள் இருக்கின்றன. மின்சாரத் தேவை ஏறினால் ஆறும் ஏறும். தேவை தணிந்தால் ஆறும் தணியும். செந்நிறப் பாறைச் சுவர்களுக்கு நடுவே கண்ணாடி போல ஓடும் அந்தப் பச்சைத் தண்ணீரில், குளிர்நீர் மீனான டிரவுட்டில் பெரியது ஒன்று எங்கே கிடக்கிறது, எப்போது வாயைத் திறக்கிறது என்பதெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. அதனால் எந்த ஃப்ளை (பூச்சி போலவோ சிறுமீன் போலவோ முள்ளில் கட்டிய செயற்கை இரை), எந்த முடிச்சு என்பதெல்லாம் பிறகு. முதலில் தண்ணீர்க் கணக்கு.

அணை வருவதற்கு முன் இது கோடையில் சூடேறும் கலங்கல் ஆறு. இப்போது வண்டல் முழுக்க நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிட, கீழே வருவது தெளிந்த குளிர்நீர். ஆனால் அந்தக் குளிரே ஆரம்பத்தில் தொல்லையாகவும் இருந்தது. ஆழத்திலிருந்து மட்டுமே நீரை எடுத்ததால் கோடையிலும் ஆறு கடுங்குளிராகக் கிடந்தது, மீன்கள் சரியாக வளரவில்லை. 1978இல், எந்த ஆழத்திலிருந்து நீர் எடுப்பது என்று தேர்ந்துகொள்ளும் அமைப்பைப் பொருத்தினார்கள். மேலடுக்கின் வெதுவெதுப்பான நீரும் கலந்து வர, டிரவுட் வளர்ச்சி வேகம் பிடித்தது. கோடையில் ஓரளவு குளிர், பனிக்காலத்திலும் உறையாத நீர், வருடம் முழுக்கத் தீனி. அணைக்குக் கீழே மீன்கள் கொழுப்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர்க் கணக்கு

நீர் வெளியேற்றத்தை வினாடிக்கு எத்தனை கன அடி என்று சொல்வார்கள். இங்கே வழக்கமான குறைந்தபட்சம் 800. மூன்று டர்பைன்களும் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 4,600. வசந்த காலத்தில் கீழ்ப்பகுதியிலுள்ள அரிய மீனினங்களுக்காக வெள்ளம் போலத் திறந்துவிடும் நாட்களில் பக்கக் குழாய்களையும் சேர்த்து 8,600 வரை போகும். அணையை நடத்தும் பியூரோ ஆஃப் ரெக்லமேஷன் வெளியேற்றத் திட்டத்தை இணையத்தில் போடுகிறது. கிரீன்டேல் அளவுமானி ஆற்றின் நேரடி அளவைக் காட்டும். இரண்டையும் கிளம்புவதற்கு முந்தின இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை பாருங்கள்.

1,500க்குக் கீழே இருந்தால் கரையோரமாக இறங்கி நடந்து பிடிக்கத் தோது. 3,000ஐத் தாண்டினால் படகுதான் சரி. நடந்து பிடிப்பவர்கள் கரையை விட்டு விலகக் கூடாது. ஆனால் அளவைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். நாள் முழுக்க ஒரே அளவில் ஓடினால் மீன்கள் தத்தம் இடத்தில் நிலைத்து நிற்கும், அதுவே சுலபமான நாள். ஏறத் தொடங்கிய முதல் அரைமணி பொன்னானது: கற்களுக்கடியில் ஒட்டியிருந்த ஸ்கட் எனும் குட்டி நீருயிர்களும் புழுக்களும் பெயர்ந்து வர, பெரிய மீன்கள் கரையோரத்துக்கு ஒதுங்கித் தின்னும். அதற்குப் பிறகு பிடுங்கிய பாசி மிதந்து வந்து ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் சுற்றிக்கொள்ளும். அப்போது ஒரு மணி நேரம் ஓய்வெடுப்பது புத்திசாலித்தனம். இறங்கும் ஆற்றில் ஓரத்து மீன்கள் உஷாராகி ஆழத்துக்குத் திரும்பும். அப்போது கசம் எனப்படும் ஆழ்மடுக்களின் தலைப்பகுதியில் தேடுங்கள்.

பனிக்காலத்தில் மின்தேவை காலையும் மாலையும் என இருமுறை உச்சம் தொடும், கோடையில் பிற்பகலில் ஒருமுறை. ஆறும் அந்தத் தாளத்திலேயே ஏறும். அணையடியில் ஏறும் நீர் கீழே வந்துசேர நேரமாகும் என்பதால், நீங்கள் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தாமதம் என்பதை ஓரிரு நாள் குறித்து வைத்தால் பிறகு கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆற்றில் இறங்கியதும், நீர் விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கல் மூழ்கத் தொடங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஓடை சலசலத்த இடம் திடீரென்று அடங்கினாலோ உடனே கரையேற வேண்டும். 'இன்னும் ஒரு வீச்சு' என்று நிற்கிறவர்தான் நடு ஆற்று மணல்திட்டில் மாட்டிக்கொள்வார். பத்து டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் அதிர்ச்சியில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது. மார்புவரை வரும் நீர்புகா உடையான 'வேடரி'ன் மேல் இடுப்புப் பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும். படகில் உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

ராடும் லைனும்

9 அடி, 5 வெயிட் ராட் (தூண்டில் கோல்; வெயிட் என்பது அதற்குப் பொருந்தும் லைனின் எடை எண்) ஒன்று இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முன்பக்கம் கனமான மிதக்கும் லைன் போதும். சிறுமீன் போன்ற பெரிய ஃப்ளையான ஸ்ட்ரீமருக்கென்று தனியாக 6 அல்லது 7 வெயிட் ராடும் நுனி மூழ்கும் லைனும் வைத்துக்கொள்வது நல்லது. ரீலில் காசைச் சேமிக்க வேண்டாம் என்பது எங்கள் கட்சி: சின்ன மீனுக்கு ரீல் வெறும் நூல்கண்டு, 60 சென்டிமீட்டர் மீன் ஓடும்போதுதான் அதன் டிராக் (ஓடும் மீனுக்கு லைனை இறுக்கிப் பிடித்து விடும் பிரேக்) சீராக விடுகிறதா, வெட்டி வெட்டி விடுகிறதா என்று தெரியும்.

ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பான டிப்பெட்டின் கணக்கு எளிது. எக்ஸ் எண்ணை 11லிருந்து கழித்தால் வருவது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். 4 எக்ஸ் 0.18, 6 எக்ஸ் 0.13. தெளிந்த நீரில், மூழ்கிவரும் பூச்சிப்புழு போன்ற சிறிய ஃப்ளையான நிம்ஃபுக்கு 5 எக்ஸ் ஃபுளோரோகார்பனில் தொடங்குங்கள். மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் 6க்கு இறங்கலாம். அதற்கும் கீழே போனால் மீன் கடிக்கும், ஆனால் கரைசேர்க்க நேரமாகும். நேரமானால் மீன் சாகும். ஸ்ட்ரீமருக்கு 0 எக்ஸ் அல்லது 1 எக்ஸ். அங்கே மெல்லிய நரம்பு எதற்கும் உதவாது.

கட்டும் முறை

அணைக்குக் கீழ் டிரவுட் தின்பதில் பெரும்பங்கு நீருக்கடியில்தான். எனவே இரண்டு நிம்ஃப், ஒரு தக்கை, கொஞ்சம் எடை என்ற அமைப்பே அன்றாடச் சோறு. லைன் முனையில் கட்டும் 9 அடி லீடர் நரம்பின் நுனியில் 50 சென்டிமீட்டர் டிப்பெட்டை இரட்டைச் சர்ஜன் முடிச்சில் சேருங்கள். தடிமன் வித்தியாசம் அதிகமென்றால் மூன்று சுற்று. அந்த முடிச்சுக்குச் சற்று மேலே எடைக்குண்டைக் கடித்து வையுங்கள். முடிச்சு தடுப்பதால் குண்டு நழுவாது. முதல் ஃப்ளையை டிப்பெட்டின் முனையில் ஐந்து சுற்றுக் கிளிஞ்ச் முடிச்சில் கட்டுங்கள், நறுக்கியது போகக் குண்டுக்கும் ஃப்ளைக்கும் இடையே 40 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். அதன் முள் வளைவிலிருந்து இன்னொரு 40 சென்டிமீட்டர் டிப்பெட் கட்டி, நுனியில் இரண்டாவது ஃப்ளை. ஒவ்வொரு முடிச்சையும் எச்சிலால் நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்து இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு சுருண்டு பலவீனமாகும். 'மீன் அறுத்துவிட்டது' என்று வரும் கதைகளில் பாதி உலர்முடிச்சுக் கதைகள். நரம்பின் நுனியைப் பாருங்கள்: பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்தது, வெட்டினாற்போல நேராக இருந்தால் அறுந்தது.

தக்கையின் இடம் ஆழத்தைப் பொறுத்தது. தக்கையிலிருந்து குண்டு வரை, நீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர். எடை 0.2 கிராம் குண்டு ஒன்றில் தொடங்கி, நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை அடியைத் தொட்டுத் தக்கை தயங்கும்வரை கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் தொட்டால் எடை அதிகம், ஒருமுறைகூடத் தொடவில்லையென்றால் மீனின் தலைக்கு மேலே ஃப்ளை போய்க்கொண்டிருக்கிறது. மீன் கிடைக்காத நாளில் ஃப்ளையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் பலர். மாற்ற வேண்டியது முதலில் எடை, அடுத்து தக்கையின் உயரம், கடைசியில்தான் ஃப்ளை.

முதல் ஃப்ளை சற்றுப் பெரியதாக, 14 அல்லது 16 எண்ணில் ஸ்கட். ஸ்கட் என்பது இறால் மாதிரி வளைந்த குட்டி உயிர். உயிரோடிருக்கையில் சாம்பல் பச்சை, செத்தால் ஆரஞ்சு. நீர் ஏறும் நாளில் ஆரஞ்சு எடுபடும். இரண்டாவது 18 முதல் 22 எண் வரை மிட்ஜ் எனும் கொசு போன்ற பூச்சியின் லார்வா (புழு) அல்லது பியூப்பா (கூட்டுப்புழு): கறுப்பு உடலில் வெள்ளிக் கம்பி வரி, முன்னால் சிறு உலோக மணி. எண் பெரிதாக ஆக முள் சிறிதாகும். 22 என்பது எள்ளைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். இத்தனை சிறியதை இத்தனை பெரிய மீன் ஏன் தின்ன வேண்டும் என்று தோன்றும். பக்கத்தில் வந்து விழுவதை அசையாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் செலவே இல்லை, வரவு மட்டும்தான்.

ஏப்ரல்–மே மாதங்களிலும் இலையுதிர் காலத்திலும் பேட்டிஸ் மேஃப்ளை எனும் சிறு பூச்சி நீரிலிருந்து மேலெழும். மேகமூட்டமான மந்தமான நாள்தான் அதற்கு உகந்தது. மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரை சில்வண்டுகள் கரையோர மரங்களிலிருந்து நீரில் விழும் காலம். எப்போதும் அடியில் ஒளிந்திருக்கும் கிழட்டு மீனும் அப்போது மேலே வரும். கறுப்பு–ஆரஞ்சு ஃபோம் சில்வண்டை 3 எக்ஸ் டிப்பெட்டில் கட்டி, பாறைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி 'தொப்'பென்று விழப் போடுங்கள். மென்மையாக இறக்கக் கூடாத ஃப்ளை இது.

பெரிய மீன் கிடக்கும் இடம்

வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் கோடு, ஆழம் குறைந்த சரளைத்திட்டு சட்டென்று கசத்துக்குள் சரியும் விளிம்பு, மூழ்கிய பாறையின் பின்புறம் மட்டுமல்ல முன்புறமும். நீர் பாறையில் மோதி மேலேறும் இடத்தில் முன்னால் ஒரு மெத்தை உண்டாகும், பெரிய மீன் பெரும்பாலும் அங்கேதான் படுத்திருக்கும். பிரவுன் டிரவுட் நிழலை விரும்பும்: குடைந்த கரை, சாய்ந்த மரம், பாறைச் சுவரின் அடி. அணையடியிலிருந்து லிட்டில் ஹோல் வரையிலான 7 மைல் தூரமும் ஆழமான பள்ளத்தாக்கு, ஆற்றோரமாகவே நடைபாதை போகிறது. அந்தப் பாதையின் உயரமான இடங்களில் போலரைஸ்டு கண்ணாடி போட்டு ஐந்து நிமிடம் நின்று பார்ப்பது ஐம்பது வீச்சுக்குச் சமம். மீனைத் தேடாதீர்கள். அசையும் நிழலையும், வாய் திறக்கும்போது ஒரு நொடி தெரியும் வெள்ளையையும் தேடுங்கள்.

ஃப்ளை தானாக வருவது போல வர வேண்டும்

மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். தக்கை மேலே, ஃப்ளை கீழே. தக்கை நுரைக்குமிழிகளோடு சேர்ந்தே ஓடினால், அது கீழேயுள்ள ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். தக்கை குமிழிகளைவிடக் கொஞ்சம் பின்தங்கி வர வேண்டும். அதுதான் ஃப்ளை அடிநீரின் வேகத்தில் வருவதற்கான அடையாளம். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் பிறகு மறக்காது.

அதற்கு உதவுவது மென்டிங். மீனுக்கு மூன்று மீட்டர் முன்பாக, நீரோட்டத்தின் மேல்பக்கம் வீசுங்கள். லைன் நீரைத் தொட்டவுடன், ஒட்டிக்கொள்வதற்கு முன், ராட் நுனியை உயர்த்தி அரைவட்டமாக நீரோட்டத்தின் மேல்பக்கம் புரட்டுங்கள். லைன் முழுக்கத் தக்கை வரை தூக்கிப் புரள வேண்டும், ஆனால் தக்கை நகரக் கூடாது. தோளால் செய்யாதீர்கள், மணிக்கட்டு உயர்ந்து சாயட்டும். முதல் மென்ட் பெரியது, பிறகு வருவதெல்லாம் சின்னத் திருத்தம். தூர வீசத் தெரிந்தவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இருபது மீட்டர் லைன் ஐந்து விதமான ஓட்டங்களின் மேல் கிடந்தால் யாராலும் அதை அடக்க முடியாது. எட்டு மீட்டரில் சுத்தமான ஓட்டமே மேல்.

தக்கை மூழ்கினால் மட்டும் இழுப்பது என்று இருந்தால் பாதிக் கடிகளை இழப்பீர்கள். பெரிய மீன் ஃப்ளையை உறிஞ்சி உடனே துப்பிவிடும். தக்கை தயங்குதல், சற்றே சாய்தல், ஒரு நொடி நிற்றல், எல்லாமே கடிதான். இழுக்கும்போது ராடை மேல்நோக்கி வெட்டாமல் தாழ்வாக ஆற்றின் கீழ்ப்பக்கம் வீசுங்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் முள் வாயின் ஓரத்துக்கு இழுபடும். மேல்நோக்கி இழுத்தால் வாய்க்கு வெளியே வந்துவிடும்.

ஸ்ட்ரீமர்

உண்மையான கிழட்டுப் பிரவுன் மிட்ஜில் வளர்வதில்லை, மற்ற மீன்களைத் தின்று வளர்கிறது. அதற்கு 8 முதல் 12 சென்டிமீட்டர் ஸ்ட்ரீமர், விடியலிலோ மேகமூட்டத்திலோ, நீர் ஏறிவரும் நேரத்தில். கரையை ஒட்டி வீசி, இரண்டு நொடி மூழ்கவிட்டு, நீளமாக ஒரு இழுப்பு, சிறியதாக இரண்டு, பிறகு நிறுத்தம். அடி விழுவது அநேகமாக அந்த நிறுத்தத்தில். அப்போது ராடைத் தூக்கினால் போயிற்று. இடது கையால் லைனை நீளமாக இழுத்து முள்ளை ஏற்றிவிட்டுப் பிறகே ராடைத் தூக்க வேண்டும். கண்ணிமுடிச்சில் கட்டினால் ஸ்ட்ரீமர் இருபுறமும் தாராளமாக ஆடும். நாள் முழுக்க வீசி இரண்டு மீன்தான் துரத்தியது என்றால் அது மோசமான நாளல்ல.

மாட்டிய பிறகு

முதல் ஓட்டத்தில் தடுக்காதீர்கள். தளர்வாகக் கிடக்கும் லைன் முழுவதும் ரீலில் ஏறட்டும். 5 எக்ஸுக்கு டிராக்கை அரைக்கிலோ இழுப்பில் வையுங்கள், வீட்டிலேயே சுருள்தராசில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் ஓடும்போதல்ல. பயத்தில் லைனை விரலால் ராடோடு அழுத்திப் பிடிக்கும்போது. மீன் துள்ளினால் ராட் நுனியை அதை நோக்கித் தாழ்த்துங்கள். பிறகு ராடை நீர்மட்டத்துக்கு இணையாகச் சாய்த்து, மீன் எந்தப் பக்கம் தலை திருப்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். ராடைச் செங்குத்தாகப் பிடித்து நின்றால் மீன் ஓய்வெடுக்கும். பக்கவாட்டு இழுப்பில் அதன் சமநிலை குலையும். நீங்களும் மீனுக்குக் கீழ்ப்பக்கமாக நடந்து இறங்குங்கள். அது உங்களோடும் ஓட்டத்தோடும் சேர்த்துப் போராடினால் சீக்கிரம் களைக்கும்.

ரப்பர் வலை மட்டும். நூல்வலை மீன்மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். முள்ளின் எதிர்ப்பிசிறைக் குறடால் முன்னமே நசுக்கியிருந்தால் கழற்ற இரண்டு நொடி. வலை நீருக்குள்ளேயே இருக்கட்டும், கை நனைந்திருக்கட்டும், படத்துக்காகத் தூக்கினால் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். எடை பார்க்கத் தொங்கவிடத் தேவையில்லை. நீளத்தையும் வயிற்றின் சுற்றளவையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டு. 24 அங்குல நீளம், 13 அங்குலச் சுற்றளவு என்றால் 5 பவுண்டு. விடும்போது தலை ஓட்டத்தை நோக்கி இருக்கப் பிடித்து, வால் தானாக அடிக்கும்வரை காத்திருங்கள். அடிநீரை மட்டும் வெளியேற்றும் அணைகளுக்குக் கீழே இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் ஆக்சிஜன் குறைந்து போவதுண்டு. அந்த நாட்களில் மீனைத் தொல்லைப்படுத்தாமலிருப்பதே நல்லது.

இலையுதிர் காலத்தில் பிரவுனும் வசந்தத்தில் ரெயின்போவும் முட்டையிடும். பாசி படிந்த கருமையான அடித்தளத்தின் நடுவே துடைத்தாற்போல வெளுத்த சரளைத் திட்டு தெரிந்தால் அது முட்டைக்கூடு. அதில் கால் வைக்கக் கூடாது, அதன்மேல் நிற்கும் மீனுக்கு வீசவும் கூடாது. இந்தப் பகுதியில் செயற்கை ஃப்ளை, செயற்கை லூர் தவிர வேறு இரை அனுமதி இல்லை. எத்தனை மீன், எந்த அளவு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி மாறக்கூடியது, யூட்டா மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள்.

கரையேறியதும் பூட்ஸ் அடியையும் லேஸ் இடுக்கையும் தேய்த்துக் கழுவுங்கள். கிரீன் ஆற்றில் நியூசிலாந்து மண்நத்தை பரவியிருக்கிறது. அது மிளகைவிடச் சிறியது, ஒன்று போனாலே போதும், ஆண் துணையில்லாமல் பெருகும். கம்பளி அடிப்பகுதி கொண்ட பூட்ஸில் எளிதாக ஒளிந்துகொள்வதால் சில மாநிலங்களில் அதற்குத் தடையே உண்டு. ஆணி பதித்த ரப்பர் அடி போதும். அடுத்த ஆற்றுக்குப் போகும் முன் பூட்ஸை ஓர் இரவு உறைபெட்டியில் வையுங்கள், அல்லது முழுக்க உலர்ந்த பிறகும் சில நாள் வெயிலில் விட்டு எடுங்கள்.